வருமானம் என்னும் எடைக்கல்

கடை வைத்திருப்பவனுக்குத் தராசைப் பற்றிப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கப்பலேறி வந்து இந்தத் தீவில் இறங்கிய நம் பாட்டனார்கள் துணிமூட்டையோடும் மசாலாச் சாமானோடும் கொண்டு வந்த முதல் சொத்து நாணயம்தான். அரைக் காத்தி பருப்பு வாங்க வந்த சீனத்து ஆச்சியும், கால் காத்தி மிளகாய் கேட்டு வந்த மலாய்க்காரப் பெண்மணியும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போனார்கள் என்றால், அது எடைக்கல்லை நம்பி அன்று. கல்லைப் போடும் கையை நம்பித்தான். இன்று கடைத் தராசுகளைச் சட்டப்படி சோதித்து அடையாளம் ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டு இல்லாத தராசில் வியாபாரம் செய்வது குற்றம். நல்லதுதான்.

ஆனால் வணிகன் கையில் இன்னொரு தராசும் உண்டு. அதைச் சோதிக்க நாள்தோறும் ஒருவர் கடைக்கு வருவதில்லை. ஆண்டுக்கொரு முறை அவனே எடுத்து, அவனே கல்லைப் போட்டு, அவனே முள்ளைப் பார்த்து, அவனே எண்ணை எழுதி அனுப்புகிறான். அதுதான் வருமானக் கணக்கு. மாதச் சம்பளக்காரருக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் இல்லை. அவர் வருமானத்தை அவருடைய முதலாளி எழுதி விடுகிறார். சொந்தத் தொழில் செய்யும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் எழுதுகோல் நம் விரலிடையே இருக்கிறது.

அந்த எண் வரியோடு முடிந்துவிடுவதாகப் பலரும் நினைக்கிறோம். அப்படி முடிவதில்லை. நாம் நோயுற்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கும் அன்று, நமக்கு முன்னரே அங்கே போய் அந்த எண் நிற்கிறது. காப்புறுதிச் சந்தாவில் எவ்வளவு கழிவு, வார்டுக் கட்டணத்தில் எவ்வளவு மானியம், சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருப்பு என்பவற்றையெல்லாம் அது நிர்ணயிக்கிறது. ஆகவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி இது: உள்ளவன் கூடுதலாகவும் இல்லாதவன் குறைவாகவும் கொடுக்க வேண்டும் என்னும் ஏற்பாடு நியாயந்தானா? நியாயமே என்றால், அந்த நியாயம் வணிகர்களாகிய நம்மிடம் எதைக் கேட்கிறது?

முதலில் ஏற்பாட்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சிங்கப்பூரில் 1984-ஆம் ஆண்டு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்பு வந்தது. 1990-இல் மெடிஷீல்டு என்னும் காப்புறுதி வந்தது. இவ்விரண்டும் கைகொடுக்காமல் போகும் ஏழைகளுக்காக 1993-இல் 20 கோடி வெள்ளி முதலிட்டு மெடிஃபண்ட் என்னும் நிதியைச் சர்க்கார் நிறுவிற்று. பழைய மெடிஷீல்டில் ஒரு குறை இருந்தது. கடுமையான நோய் முன்பே உள்ளவரை அது ஒதுக்கிற்று. வயது வரம்பும் வைத்திருந்தது. அதாவது, குடை யாருக்கு மிகவும் வேண்டுமோ அவரை மழையில் நிறுத்திவிட்டது. 2015-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் அதன் இடத்தில் மெடிஷீல்டு லைஃப் வந்தபோது இந்தக் குறை நீங்கிற்று. குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும், நோயுள்ளவர் நோயில்லாதவர் என்ற வேறுபாடின்றி, ஆயுள் முழுவதும் அது காப்பு அளிக்கிறது. முன்பே கடுமையான நோய் இருந்தவர்கள் முதல் 10 ஆண்டுகளுக்கு நூற்றுக்கு 30 கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்று வைத்தார்கள். அவர்களால் ஆகும் செலவுக்கு அது போதாது. மிச்சத்தில் பெரும்பகுதியைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது.

இந்தக் காப்புறுதியின் சந்தா வயதைப் பார்த்து விதிக்கப்படுகிறது. வருமானத்தைப் பார்த்து அன்று. ஒரே வயதுள்ள செல்வருக்கும் ஏழைக்கும் சந்தா ஒன்றே. வருமானம் உள்ளே வருவது சந்தாவில் கிடைக்கும் மானியத்தில்தான். குடும்பத்தார் எல்லாருடைய மாத வருமானத்தையும் கூட்டி, ஒரே முகவரியில் வாழும் குடும்பத்துத் தலைகளால் வகுத்து, தலைக்கு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். 2015-இல் திட்டம் தொடங்கியபோது தலைக்கு 1,100 வெள்ளி வரை முதற்படி, 1,800 வரை இரண்டாம் படி, 2,600 வரை மூன்றாம் படி என்று வைத்தார்கள். அதற்கு மேலே வருமான மானியம் கிடையாது. வீட்டின் ஆண்டு மதிப்பு 21,000 வெள்ளியைத் தாண்டினாலும், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் இருந்தாலும் அந்த மானியம் கிடையாது. இந்த வரம்புகள் பின்னர் உயர்த்தப்பட்டன. ஏற்பாட்டின் அமைப்பு மாறவில்லை.

ஆஸ்பத்திரி வார்டுக்கும் இதே முறை வந்தது. 2009-ஆம் ஆண்டு முதல் சி வகுப்பு வார்டில் நோயாளியின் வருமானத்தைப் பொறுத்து நூற்றுக்கு 80 முதல் 65 வரை மானியம் என்று ஆயிற்று. 2022-இல் அதுவும் குடும்பத்தின் தலைக்கணக்குக்கு மாறி, குடிமக்களுக்குச் சி, பி2 வகுப்புகளில் 80 முதல் 50 வரை என்று விரிந்தது.

இனி நியாயத்துக்கு வருவோம்.

மாலைத் தேநீர் வேளையில் கடைத்தெருவில் அடிக்கடி நம் காதில் விழும் முறையீடு ஒன்று உண்டு. "நானா, நோய் எனக்கும் அவனுக்கும் ஒன்றுதானே? கட்டிலும் ஒன்று, டாக்டரும் ஒருவர், மருந்தும் அதே மருந்து. பில் மட்டும் ஏன் இரண்டு விதமாக வருகிறது? விடியற்காலை எழுந்து கடை திறந்து, இரவு பதினொரு மணிக்குக் கதவடைத்துச் சம்பாதித்தது குற்றமா?" இதைக் கேட்பவர் கெட்டவர் அல்லர். உழைப்பாளி, யாருடைய காசுக்கும் ஆசைப்படாதவர். ஆகவே இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்வதுதான் முறை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மானியத்துக்கு முன் 10,000 வெள்ளி ஆகும் ஒரு சிகிச்சை. கீழ்ப்படியில் உள்ளவருக்கு நூற்றுக்கு 80 கழிந்து 2,000 வெள்ளி நிற்கிறது. மேற்படியில் உள்ளவருக்கு நூற்றுக்கு 50 கழிந்து 5,000 நிற்கிறது. காப்புறுதியும் மெடிசேவும் இதற்குப் பிறகுதான் வரும். அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுவோம். கீழ்ப்படிக்காரர் வீட்டில் நான்கு பேர், தலைக்கு 1,000 என்றால் மாதம் 4,000 வெள்ளி. அவருக்கு வந்த பில் அரை மாத வருமானம். மேற்படிக்காரர் வீட்டிலும் நான்கு பேர், தலைக்கு 6,000 என்றால் மாதம் 24,000. அவருக்கு வந்த பில் ஆறு நாள் வருமானம். வெள்ளியில் எண்ணினால் உள்ளவர் இரண்டரை மடங்கு கொடுக்கிறார். நாளில் எண்ணினால் இல்லாதவர் இரண்டரை மடங்கு கொடுக்கிறார். பில் இரண்டு விதமாக வந்த பிறகும் சுமை இன்னும் ஏழையின் தோளில்தான் அதிகம் இருக்கிறது. பில் ஒரே விதமாக வந்தால் அந்தத் தோள் என்ன ஆகும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. முறையிடுகிறவர் தம்மிடம் ஏதோ கூடுதலாகப் பிடுங்கப்படுவதாக எண்ணுகிறார். உண்மையில் சி வகுப்பின் உச்சப்படியில் நிற்கும் குடிமகனும் பாதிக் கட்டணத்தை மானியமாகப் பெற்றுக்கொண்டுதான் நிற்கிறார். சிகிச்சையின் முழு விலையை அவர் கொடுப்பதில்லை. அண்டை வீட்டாருக்குக் கிடைத்த கழிவு தமக்குக் கிடைத்ததைவிடப் பெரிதாக இருப்பதுதான் அவருக்கு உறுத்துகிறது. அண்டை வீட்டாருடைய கஷ்டமும் தம்முடையதைவிடப் பெரிது என்பதையும் அவர் சேர்த்தெண்ணினால் உறுத்தல் தணிந்துவிடும்.

வேறு வழியிலும் சில நாடுகள் போயிருக்கின்றன. ஜெர்மனியில் 1883-ஆம் ஆண்டு பிஸ்மார்க் காலத்தில் தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதிச் சட்டம் வந்தது. அங்கே சந்தாவே சம்பளத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று, ஒரு வரம்புவரை, பிடிக்கப்படுகிறது. அதிகச் சம்பளக்காரர் அதிகச் சந்தா கட்டுகிறார். சிகிச்சை எல்லாருக்கும் ஒன்றே. நம் ஊரில் சந்தா வயதைப் பார்க்கிறது, மானியம் கையைப் பார்க்கிறது. பாதை இரண்டானாலும் இரண்டும் ஒரே கருத்தில்தான் வந்து சேர்கின்றன: நோய் ஆள் பார்த்து வருவதில்லை, ஆனால் அது இறக்கிவைக்கும் சுமையைத் தோள் பார்த்துத்தான் பங்கிட வேண்டும். நம் கடையில் மூட்டை இறக்கும்போது பத்து வயதுப் பையன் தலையில் ஐம்பது கிலோ அரிசி மூட்டையை ஏற்றுவோமா? எல்லாருக்கும் ஒரே மூட்டை என்பது சமத்துவமாகத் தோன்றலாம், நியாயமாகாது.

ஆகவே படி வைத்துக் கட்டணம் வாங்குவது நியாயமே என்பது நம் துணிபு. ஆயினும் நியாயமான ஏற்பாட்டிலும் வலிக்கும் இடங்கள் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது நமக்கு அழகாகாது.

முதல் வலி, கோடு. படி என்று வைத்துவிட்டால் படிக்கும் படிக்கும் நடுவே ஒரு விளிம்பு வந்தே தீரும். 2015-இன் வரம்பையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் உள்ள வீட்டில் மாத வருமானம் 5,500 வெள்ளி என்றால் தலைக்கு 1,100, முதற்படி. அதே வீட்டில் மகன் சனிக்கிழமை இரவு கூடுதலாக ஒரு மணி நேரம் வேலை செய்து 5 வெள்ளி கொண்டுவந்தால் தலைக்கு 1,101, இரண்டாம் படி. ஐந்து வெள்ளி சம்பாதித்ததற்காக மானியம் ஒரு படி குறைகிறது. வார்டு மானியத்தில் இந்த வலி குறைவு. அங்கே வருமானம் ஏற ஏற மானியம் சிறுகச் சிறுக, சரிவுபோல் இறங்குகிறது. சட்டம் எழுதுவோர் செங்குத்தான படிகளைவிடச் சரிவை விரும்ப வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

கோடு எவ்வளவு கொடியதாகக்கூடும் என்பதற்கு அமெரிக்கா ஓர் உதாரணம். 2010-இல் அங்கே வந்த சட்டம், மிக ஏழைகளுக்கு மெடிகெய்ட் என்னும் சர்க்கார் காப்புறுதி, அதற்கு மேலே உள்ளவர்களுக்குச் சந்தா மானியம் என்று வகுத்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் மெடிகெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. விரிவாக்காத மாநிலங்களில் என்ன நேர்ந்தது? வறுமைக்கோட்டுக்கு மேலே உள்ளவருக்கு மானியம் உண்டு. கோட்டுக்குக் கீழே உள்ள பலருக்கு மெடிகெய்டும் இல்லை, மானியமும் இல்லை. அதாவது, உதவி பெறவும் முடியாத அளவுக்கு ஏழையாகிப் போனார்கள்! அங்கே சிறு தொழில் செய்பவனுக்கு வருமானத்தைக் கூட்டிச் சொல்ல ஆசை பிறக்கும். நம் ஊரில் குறைத்துச் சொல்ல ஆசை பிறக்கும். கோடு எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்து மனிதனின் பொய்யும் திசை மாறுகிறது. எனவே நம் நேர்மையைக் கோட்டின்மேல் கட்டாமல், கோடு எங்கே போனாலும் அசையாத இடத்தில் கட்ட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வலி, குடும்பம் என்பது எது என்பதில் வருகிறது. இது நம்மவர்களுக்கே உரிய வலி என்று சொல்லலாம். ஒரே முகவரியில் வாழ்பவர்களைத்தான் தலைக்கணக்கில் சேர்க்கிறார்கள். கடையநல்லூரிலோ கூத்தாநல்லூரிலோ தாயும், விதவைத் தங்கையும், அவள் பிள்ளைகளும் நம் அனுப்புதலை எதிர்பார்த்து வாழலாம். மாதந்தோறும் பணமாற்றுக் கடையில் நின்று பாதி வருமானத்தை ஊருக்கு அனுப்பலாம். கணக்கில் அவர்களுக்குத் தலை இல்லை. இங்கே தனியாக வாழும் நாம் ஒரு தலை. முழு வருமானமும் அந்த ஒரு தலைக்கே. நெஞ்சில் ஏழு பேர், காகிதத்தில் ஒருவர்.

இதற்கு நேர்மாறாக, ஒரே கூரையின்கீழ் வாழும் மகனுடைய சம்பளம் தகப்பனார் கணக்கில் ஏறுகிறது. அந்த மகன் வீட்டுக்கு ஒரு வெள்ளியும் தருவதில்லை என்றாலும் ஏறுகிறது. வயதாகிக் கடையை மூடிவிட்ட பெரியவர் ஒருவர், வாப்பா வாங்கிப்போட்ட பழைய தரை வீட்டில் தனியே வாழ்கிறார். வருமானம் ஒரு காசும் இல்லை. வருமானம் இல்லாதவருக்கு வீட்டின் ஆண்டு மதிப்பைத்தான் பார்ப்பார்கள். வீடு பெரிது; ஆகவே அவர் செல்வர் ஆகிவிடுகிறார். செங்கல்லை உடைத்துச் சந்தா கட்ட முடியுமா என்று அவர் கேட்கிறார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

இந்த வலிகளுக்குப் பரிகாரம் என்ன? நேர்வழியில் உள்ள பரிகாரம், இருப்பதை இருப்பபடி எடுத்துச் சொல்லி மறுபரிசீலனை கேட்பது. ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூக ஊழியர்கள் இருக்கிறார்கள். குடும்ப நிலைமையை அவர்களிடம் விளக்கலாம். சந்தா கட்ட முடியாத காரணத்தால் மெடிஷீல்டு லைஃப் காப்பு ஒருவருக்கும் பறிபோவதில்லை. மானியத்துக்குப் பிறகும் கட்ட இயலாதவருக்குக் கூடுதல் சந்தா ஆதரவு இருக்கிறது. முன்னோடித் தலைமுறையினருக்கும் மெர்டேக்கா தலைமுறையினருக்கும் வருமானம் பாராமலே சந்தாவில் கழிவு உண்டு. வழி இருக்கிறது, கேட்க வேண்டும். கோணல் வழியில் உள்ள பரிகாரமோ, கணக்கையே கோணலாக்குவது. "சட்டம் என் ஊர்க் குடும்பத்தை எண்ணவில்லை, ஆகவே நானும் என் லாபத்தை எண்ண மாட்டேன்" என்று மனத்துக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்வது. இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

நமக்குப் பழக்கமான மளிகைக்காரர் ஒருவர். பெயர் வேண்டாம்; இப்படிப்பட்டவர் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் உண்டு. கைராசிக்காரர், தர்மசிந்தனை உள்ளவர். எடையில் ஒரு கிராம் குறையாது. ஆனால் வருமானக் கணக்கு எழுதும் மாதம் வந்தால் மட்டும் அவர் கல்லா சுருங்கிவிடும். ஆண்டுக்கு 36,000 வெள்ளி நிகர லாபம் காண்பவர் 12,000 என்று எழுதுவார். "தம்பி, சர்க்காரிடம் இல்லாத பணமா? நாம் யாரையும் ஏமாற்றவில்லையே, சர்க்காரைத்தானே" என்பார். ஐம்பதாவது வயது முதல் பத்து ஆண்டுகள் இப்படியே ஓடின. அறுபதில் நெஞ்சு வலித்தது.

சொந்தத் தொழில் செய்பவருடைய மெடிசேவ் சேமிப்பு, அவர் காட்டும் நிகரத் தொழில் வருமானத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆண்டு வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் போனால் கட்ட வேண்டும். 18,000-க்கு மேல் போனால் முழு விகிதம். ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு அது நூற்றுக்கு பத்தரை. 12,000 என்று எழுதினால் விகிதம் அதில் பாதி, அதாவது ஐந்தேகால். நம் மளிகைக்காரர் உள்ளபடி 36,000 எழுதியிருந்தால் ஆண்டுக்கு 3,780 வெள்ளி அவர் பெயரிலேயே சேர்ந்திருக்கும். 12,000 என்று எழுதியதால் 630 வெள்ளிதான் சேர்ந்தது. ஆண்டுக்கு 3,150 குறை. பத்து ஆண்டில் 31,500, வட்டி நீங்கலாக. அவர் மறைத்தது சர்க்காரின் பணம் என்று எண்ணியிருந்தார். பாதிக்கு மேல் தம் சொந்த மருந்துச் சீட்டையே அல்லவா மறைத்திருக்கிறார்! கையிலே இருந்த ரொக்கமோ கடை விரிவிலும், மகள் கலியாணத்திலும், ஊர் வீட்டு மாடியிலும் போய்விட்டது.

அவர் பிழைத்துக்கொண்டார், இன்றும் கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்த வாரத்தில் அவர் வீட்டார் பட்ட பாட்டை நாம் கண்ணால் பார்த்தோம். மூத்த மகனுடைய மெடிசேவிலிருந்து எடுத்தார்கள். மனைவியின் வளையல் அடகுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரியில் அவருக்கு அளித்த மானியமோ, எழுதிக்கொடுத்த 12,000-த்தைப் பார்த்து அளித்த மானியம். "கூடுதலாக வந்தது எனக்கு உரியதன்று என்று தெரியும், தம்பி. ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்கிற நிலையிலும் நான் இல்லை" என்று அவர் சொன்னபோது நமக்குப் பதில் சொல்ல வார்த்தை வரவில்லை. நெஞ்சு வலியைவிட அந்த வாக்கியம் அவருக்கு அதிகம் வலித்திருக்கும்.

"சர்க்காரைத்தானே" என்ற அவருடைய பழைய சொல்லை இப்போது திரும்பிப் பார்ப்போம். மானியம் வானத்திலிருந்து பெய்வதன்று. அது பொதுப்பணம்; அளவுள்ள பணம். படி வைத்துப் பங்கிடும் எந்த ஏற்பாட்டிலும் மேற்படிக்காரன் ஒருவன் கீழ்ப்படியில் வந்து உட்கார்ந்தால், அங்கே இருக்கும் ஒருவர் நெருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். நெருக்கப்படுபவர் யார் என்று நமக்குத் தெரியாது. துப்புரவு வேலை பார்க்கும் கிழவியாக இருக்கலாம். பக்கத்துத் தெருவில் அப்பளம் விற்கும் நம் உறவுக்காரப் பெண்ணாகவும் இருக்கலாம். குறை எடை போடுபவன் ஏமாற்றுவதும் இப்படித்தான். தராசுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் முகம் தெரிந்தால் அவனும் செய்யமாட்டான். முகம் தெரியாத இடத்தில் கைசுத்தமாக இருப்பதைத்தான் நாணயம் என்கிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கூட இருப்பதைக் குறைத்துச் சொல்வது கள்ள எடை என்றால், இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்வதும் கள்ள எடைதான். நம் சமூகத்தில் இந்த இரண்டாவது குற்றம் முதலாவதைவிடக் குறைவு என்று சொல்வதற்கில்லை. ஒரு காலத்தில் பெரிய கடை நடத்திய குடும்பம். வியாபாரம் நொடித்துவிட்டது. சட்டை மட்டும் இன்னும் கஞ்சி போட்டு வெளுத்திருக்கிறது. சமூக சுகாதார உதவித் திட்டத்தின் நீல அட்டை அவர்களுக்குக் கிடைக்கும், விண்ணப்பிக்கமாட்டார்கள். மெடிஃபண்டுக்கு எழுதுங்கள் என்று ஆஸ்பத்திரி ஊழியர் சொன்னால், "கை நீட்டிப் பழக்கமில்லை" என்று எழுந்து வந்துவிடுவார்கள். நீரிழிவு மாத்திரையை நாளுக்கு இரண்டுக்குப் பதில் ஒன்றாகப் போட்டுக்கொள்வார்கள். கடைசியில் காலில் புண் வந்து, வார்டில் போய்ப் படுத்து, பத்து மடங்கு செலவு செய்வார்கள்.

இதை மானம் என்று நாம் புகழ்ந்து வளர்த்துவிட்டோம். மானம் பெரிய பொருள்தான். ஆனால் அளந்து பார்த்து நமக்கு உரியது என்று எழுதிவைத்ததைப் பெறுவது கை நீட்டுவது ஆகாது. கொள்முதல் செய்த சரக்கில் பத்து மூட்டை நமக்கு வரவேண்டும் என்று சிட்டையில் இருக்கும்போது, எட்டு போதும் என்று விட்டுவருவது பெருந்தன்மையா? வீட்டில் பசித்திருப்பவர்களுக்கு அது பெருந்தன்மையாகத் தெரியாது. 2019-ஆம் ஆண்டு முதல் அந்தத் திட்டத்தை வருமானம் பாராமல் எல்லாக் குடிமக்களுக்கும் விரித்துவிட்டார்கள். மேலே உள்ளவருக்குப் பச்சை, நடுவே உள்ளவருக்கு ஆரஞ்சு, கீழே உள்ளவருக்கு நீலம். எல்லாருக்கும் ஓர் அட்டை உண்டு என்றான பின், நிறத்தில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

படிகளைப் பற்றியே பேசிக்கொண்டு, படியிலேயே கால் வைக்காத ஒருவரை மறந்துவிடக் கூடாது. அவர் நம் கடையிலேயே இருக்கிறார். ஊரிலிருந்து வேலை அனுமதியில் வந்து, நம் கடையில் மூட்டை தூக்கி, அடுப்படியில் ரொட்டி தட்டி, கூட்டாளிகளோடு ஓர் அறையில் படுத்துறங்கும் பிள்ளை. மெடிஷீல்டு லைஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. அந்தப் பிள்ளைக்கு முதலாளி எடுத்துக்கொடுக்கும் மருத்துவக் காப்புறுதிதான் கதி. அதன் குறைந்தபட்ச அளவு ஆண்டுக்கு 15,000 வெள்ளியாக இருந்தது. 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் 60,000 என்று சட்டம் உயர்த்திவிட்டது. சந்தா கூடிற்றே என்று முணுமுணுத்த முதலாளிமார்களை நாம் அறிவோம். குடல்வால் அறுவைக்கு ஒரு பில் வந்தபோது அதே முதலாளிமார்கள் அந்தச் சட்டத்தை வாழ்த்தியதையும் அறிவோம். சர்க்கார் நம் வருமானத்தைப் பார்த்து நமக்குச் செய்வதை, நம்மிடம் வேலை செய்பவருடைய வருமானத்தைப் பார்த்து நாம் அவருக்குச் செய்ய வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் டாக்டர் சீட்டுக்கான காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, மேற்படிக்காரனுக்கு மானியம் குறைவு என்று நாம் குறைபட்டுக்கொண்டால், யார்தான் நம் பேச்சைக் கேட்பார்கள்?

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு நமக்குத் தோன்றும் விடை இதுதான். கைக்குத் தக்கபடி கொடுப்பது நியாயம். ஆனால் அந்த நியாயம் தானாக நிற்பதில்லை; கை எவ்வளவு பெரிது என்று ஒவ்வொருவரும் உண்மை சொல்வதன்மேல் நிற்கிறது. சம்பளக்காரர் வாயைத் திறக்காமலே உண்மை சொல்லிவிடுகிறார். அவருக்கு வேறு வழியில்லை. வேறு வழி இருந்தும் உண்மை சொல்லும் வாய்ப்பு நமக்குத்தான் கிடைத்திருக்கிறது. சுமை என்று நாம் நினைப்பது உண்மையில் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. கடைக் கல்லாவையும் வீட்டுச் செலவையும் ஒரே டப்பாவில் போடாமல் பிரித்து வையுங்கள். பாதிப் பொய் பிறப்பது அந்த டப்பாவில்தான். பேரேட்டை அன்றன்று எழுதுங்கள். உரிய செலவுகளைச் சட்டம் அனுமதித்தபடி கழித்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை. மிஞ்சியதை மிஞ்சியபடி எழுதுங்கள். மெடிசேவ் கட்டுவதை வரி என்று எண்ணாமல், முதுமையில் நமக்கு நாமே அனுப்பும் பணம் என்று எண்ணுங்கள். தெருவில் வெளுத்த சட்டைக்குள் வாடும் குடும்பம் எது என்று நமக்குத் தெரியும். வாரத்தில் ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போய், விண்ணப்பத் தாளை நிரப்பக் கூட உட்காருங்கள். நீங்கள் போனால் அவர்கள் மானம் குறையாது.

கடையைச் சாத்தும் முன் தராசுத் தட்டைத் துடைத்து, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம் பெரியவர்கள் விளக்கை அணைப்பார்கள். வாடிக்கையாளர் எல்லாரும் போன பின்பு, யாரும் பார்க்காத நேரத்தில் பார்ப்பார்கள். ஆண்டுக் கணக்கை எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும் முன் நாமும் அப்படி ஒரு முறை முள்ளைப் பார்ப்போமாக.